பொன்மீன் தொட்டியின் அடியில்

பொன்மீன் வளர்ப்போரிற் பெரும்பாலார் தொட்டியின் கண்ணாடியைத் துடைப்பதிற் காட்டும் சிரத்தையை அடியிலுள்ள கற்களிடத்துக் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிவது கண்ணாடி. மீனின் உயிரோ கற்களுக்கிடையே இருக்கின்றது.

சீன தேசத்தார் ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்துவரும் இம்மீனுக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் சென்று விரைவிற் கழிவாகும். அக்கழிவும் எஞ்சிய இரையும் கற்களின் இடுக்கில் இறங்கி அழுகும். அதனால் எழும் அம்மோனியா, மீன் தன் செவுள் வழியே விடுவதனோடு சேர்ந்து நீரை நஞ்சாக்கும். அந்நஞ்சை மாற்றுபவை அதே கற்களில் ஒட்டி வாழும் நுண்கிருமிகளே. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்கும். அழுக்கு உள்ள இடத்திலேயே காவலரும் குடியிருக்கின்றனர், சங்கடம் இதுதான்.

சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டுச் சீன மூதாட்டியார், மருத்துவமனைக்குச் செல்லுமுன் தம் மீன்கள் மூன்றையும் என்னிடம் ஒப்புவித்தார். காலஞ்சென்ற கணவர் வாங்கியவை என்று மலாய் மொழியிற் சொன்னார், மேலே பேசவில்லை. அன்று முதல் என் உறக்கம் குறைந்தது.

“தாத்தா, கல்லையெல்லாம் வெளியே கொட்டிச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவோமா?” என்றான் பேரன்.

“வேண்டாமப்பா, காவற்காரரையும் சேர்த்துக் கழுவிவிடுவாய்” என்றேன்.

சோப்பு மீனுக்கே ஆகாது. இவ்வூர்க் குழாய்நீரிலோ குளோரமின் உண்டு. ஓரிரவு வாளியில் வைத்தாலும் அது அகலாது, மருந்து இட்டே முறிக்கவேண்டும். ஆகையால் வாரத்திற்கொரு முறை, அகன்ற வாயுடைய உறிஞ்சுகுழாயைக் கற்களுக்குள் ஊன்றி, மறுமுனையைத் தாழவுள்ள வாளியில் விடுகிறோம். நீர் இழுக்கும்போது கற்கள் சற்றே எழும்பிச் சுழலும். கனத்தினாற் கல் கீழே விழும், இலேசான அழுக்கு நீரோடு போய்விடும். பார்ப்பதற்கு அரிசி களைவது போலிருக்கும். இவ்வாரம் ஒரு பாதி, மறுவாரம் மறுபாதி. தொட்டி நீரிற் காற்பங்கு குறைந்ததும் நிறுத்தி, மருந்திட்ட புதுநீரை மெல்ல வார்க்கிறோம். வாளி நீரைப் பேரன் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறான். அதற்கு நல்ல எரு.

ஏழு வாரங்கள் ஆகின்றன. மூதாட்டியார் நாள்தோறும் மீன்களை விசாரிப்பதாக அவர் மகள் சொல்லுகிறார். நேற்று மூன்றையும் படம் பிடித்து அனுப்பினோம். பெரியது ஒரு கல்லை வாயிலிட்டுச் சுவைத்து உமிழ்ந்துகொண்டிருந்தது.