கண்ணாடித் தொட்டியில் ஒரு களை

ஆசையாய் வைத்த செடி வாடுவதும், அழையாமல் முளைத்த களை செழிப்பதும் தோட்டக்காரர்களுக்கு மட்டுமே உரிய துயரம் என்று நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் உப்பு நீரை நிரப்பி, கடலின் ஒரு துளியை வளர்க்கப் புகுந்த பிறகுதான், சமுத்திரத்திலும் களை உண்டு என்ற ஞானம் நமக்கு உதயமாயிற்று.

தொட்டி நம் மகளின் ஆசை. வெள்ளைப் பட்டை தீட்டிய கோமாளி மீன்கள் இரண்டு. அவை குடியிருக்கப் பெரிய கடற்சாமந்தி ஒன்று. சாமந்தி என்றதும் பூ என்று எண்ணிவிடாதீர்கள், நேயர்களே! அது விரல்களை விரித்து இரைக்குக் காத்திருக்கும் பிராணி. நெருங்கியதைக் கொட்டும், கோமாளி மீனை மட்டும் மடியில் வைத்துக் காக்கும். மாலைதோறும் மகள் அதன் முன் அமர்ந்திருப்பாள்.

மன்னார் வளைகுடாவின் பவழப் பாறையைப் பெயர்த்தெடுப்பது சட்ட விரோதம். ஆகையால் நண்பர் ஒருவர் தம் தொட்டியில் கிடந்த செயற்கைக் கல் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அதன் இடுக்கில் ஒளிந்து வந்தது 'ஐப்டேசியா' என்னும் சிறு கடற்சாமந்தி. பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற மேனி. பெரியதைக் காசு கொடுத்து வாங்கிய நமக்குச் சிறியது இனாமாகக் கிடைத்ததில் பரம சந்தோஷம். ஒரு மாதத்தில் ஒன்று ஏழாயிற்று. அக்கம்பக்கத்தில் இருந்ததையெல்லாம் அது கொட்டத் தொடங்கிற்று.

நமக்குக் கோபம் மூண்டது. கத்தியை எடுத்தோம். தொட்டவுடன் அது பொந்துக்குள் சுருங்கியது. விடாமல் சுரண்டி எறிந்தோம். வெற்றி முழக்கமும் செய்தோம். மூன்று வாரத்தில் ஏழு இருந்த இடத்தில் முப்பதுக்கு மேல் தலை காட்டின!

அப்புறந்தான் புத்தகத்தைப் புரட்டினோம். அதன் அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் போதுமாம். அதுவே முழுப் பிராணியாக வளர்ந்துவிடுமாம். அழித்ததாக நாம் நினைத்த காரியம் விதைத்ததாக முடிந்திருந்தது. வகுப்பில் ஒரு சீட்டியொலி கேட்டு நாம் கூச்சலிட்டால், மறுநாள் பத்துச் சீட்டிகள் ஒலிப்பதில்லையா? இருபது வருஷம் வாத்தியாராக இருந்தும் அந்தப் பாடம் நமக்கு நினைவு வரவில்லை.

நஷ்டம் அத்துடன் நிற்கவில்லை. நாற்புறமும் கொட்டுப்பட்ட பெரிய சாமந்தி இடம் பெயர்ந்து ஊரத் தொடங்கி, ஓர் இரவு நீரிறைக்கும் மோட்டாரில் சிக்கி மடிந்தது. பாதி நீரை மாற்றி மீன்களைப் பிழைக்க வைத்தோம். வீடிழந்த மீன்கள் பழைய மூலையையே சுற்றி வந்தன. மகள் நம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நம் தாயார்தான் வாய் திறந்தார்: "ஏண்டா தம்பி, கோரையை மேலாக அறுத்தால் போய்விடுமா? கிழங்கு உள்ளேயல்லவா இருக்கிறது?"

இதற்கு வைரிகள் இல்லாமலில்லை. ஒருவகைச் செந்நிறக் கோடிட்ட இறால் இதைத் தின்னும். நீண்ட மூக்குள்ள பட்டாம்பூச்சி மீனும் தின்னும். பெர்கியா என்னும் சிறு கடல் நத்தைக்கோ இது தவிர வேறு ஆகாரமே கிடையாது. பகை தீர்ந்த அன்றே பட்டினி! அவற்றைத் தேடி அலையும் சக்தி நமக்கில்லை. மருந்துகளைப் பற்றிப் படித்தபோது, 'கால்க்வாஸர்' என்ற ஜெர்மன் பெயர் ஒன்று நம்மை மிரட்டியது. அர்த்தம் பார்த்தால் சுண்ணாம்பு நீர்! தாயாரின் வெற்றிலைச் செல்லத்துச் சரக்குக்கு அயல்நாட்டில் இத்தனை மதிப்பு.

கலப்பில்லாத நீற்றுச் சுண்ணாம்பைச் சுத்த நீரில் குழம்பாகக் கரைத்தோம். மோட்டாரை நிறுத்தி நீரோட்டத்தை அடக்கிவிட்டு, ஊசி கழற்றிய பீச்சாங்குழலால் அதன் வாய்மீது மெள்ள விட்டோம். தொடாமலே விட்டபடியால் அது சுருங்கவில்லை, இரையென்று விழுங்கிற்று. காரம் உள்ளிருந்து எரித்துவிட்டது. நாளொன்றுக்கு நாலைந்துதான், மிஞ்சினால் தொட்டி நீர் முழுவதும் காரமாகி மீன்களுக்கு ஆபத்து. மீன் தின்று மிஞ்சும் உணவே களைக்கு விருந்தாதலால், இரை போடுவதையும் குறைத்தோம். குழலைப் பிடித்தது நாமல்ல, மகள். கத்தி பிடித்த கைக்கு அந்தப் பொறுமை வருமா? இரண்டு மாதத்தில் கல் சுத்தமாயிற்று.

கடைசி ஒன்றை மட்டும் அவள் கொல்ல விடவில்லை. பவழங்கள் வெப்பத்தால் வெளுத்துப் போவது ஏன் என்று அறிய, விஞ்ஞானிகள் இதே ஐப்டேசியாவை வளர்த்து ஆராய்கிறார்கள் என்றும், 2015இல் இதன் மரபணுத் தொகுதியையே வெளியிட்டார்கள் என்றும் எங்கோ படித்துவிட்டாள். "களையென்றால் எங்கும் களையா, அப்பா?" என்று கேட்டாள்.

இப்போது அது ஊறுகாய் ஜாடி ஒன்றில், உப்பு நீரில், நம் வகுப்பு மேஜைமீது விரல் விரித்து நிற்கிறது. பிள்ளைகள் சீட்டியடிக்கும்போது நாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.