எருமைக்குப் புல் வேண்டும்

அமெரிக்காவின் சியூ மக்களைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு நம் தோடர்களின் நினைவுதான் வரும்.

சியூக்களுக்குக் காட்டெருமைதான் எல்லாம். அதன் கறி உணவு, தோல் உடையும் கூடாரமும், எலும்பு கருவி. கருங்குன்றுகள் அவர்களுக்கே உரியவை என்று 1868-ல் லாரமி கோட்டையில் அரசு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. 1874-ல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877-ல் நிலம் பறிபோனது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமைகளையும் ஏறக்குறைய சுட்டே தீர்த்துவிட்டார்கள். 1980-ல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. "எங்களுக்கு மலைதான் வேண்டும்" என்று சியூக்கள் அந்தப் பணத்தை இன்றுவரை தொடவில்லை.

நம் தோடர்கள் எருமையை உணவுக்காகக் கொல்பவர்கள் அல்லர். பாலும் மோரும் நெய்யும் அவர்கள் உணவில் முக்கியமானவை. பால் கடையும் இடமே அவர்களுக்குக் கோயில். அதற்கென்று நோன்பிருக்கும் பூசாரிதான் அங்கே பால் கறப்பார். எருமைகளுக்கு உப்பு நீர் கொடுப்பதுகூட அவர்களுக்கு ஒரு சடங்கு.

கேத்தியில் எங்கள் ஹட்டிப் பெரியவர்கள் பழைய கொடுக்கல் வாங்கலைக் கதையாகச் சொல்வார்கள். தோடர் நெய் தருவார். கோத்தர் பானையும் அரிவாளும் செய்து தருவார், சாவு வீட்டில் வாத்தியம் வாசிப்பார். படகர் விளைந்த தானியத்தை அளந்து கொடுப்பார். காசே கைமாறாது. ஆனாலும் யாருக்கு யார் என்ன தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1819-ல் சல்லிவன் துரை மலையேறி வந்தார். ஒத்தக்கல் மந்து என்ற தோடர் குடியிருப்பு ஊட்டி நகரமானது. பின் தேயிலை வந்தது, உருளைக்கிழங்கு பெருகியது. விறகுக்காகக் கற்பூர மரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. அணைகள் கட்டியபோது பள்ளத்தாக்குப் புல்வெளிகள் தண்ணீருக்கடியில் போயின. இங்கே எருமையை யாரும் சுடவில்லை. மேய்ச்சல் நிலம்தான் போயிற்று. புல் குறைந்தது, எருமை குறைந்தது. எருமை குறைந்ததும் பல பால் கோயில்கள் பூசாரி இல்லாமல் மூடிக் கிடக்கின்றன.

இது தோடர்களின் கவலை மட்டும் என்று நினைக்காதீர்கள். மழை நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மெல்ல விடுவது நம் சோலையும் புல்வெளியும்தான். மலையின் புல் போனால் கீழே இருக்கும் நம் ஓடைகளும் வற்றும்.

சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த தோடர் சால்வைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். சுற்றுலாப் பயணிகள் அதை வாங்கிப் போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சால்வையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையைக் காப்பாற்ற முடியாது. சீகையை அகற்றிப் பழைய புல்லை மீண்டும் வளர்க்கும் வேலை மலையில் அங்கங்கே நடக்கிறது. அது வேகம் பிடிக்க வேண்டும். தோடருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர் எருமை மேய ஒரு சரிவை விட்டுவைப்பதுதான்.