அட்லாண்டிக்கைத் தாண்டிய வேப்பமரக் கப்பல்
(யாழ்ப்பாணப் பயணம் – 6)

யாழ்ப்பாண நகரத்தில் ஆட்டோவில் ஏறுமுன் வாடகை பேசிக்கொள்ளுங்கள். நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்கு என்னை ஏற்றிய ஆட்டோக்காரர், “இந்தியாவில இருந்தோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கும்போது, நடந்தே வந்திருக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு நல்ல சாப்பாட்டின் விலையைக் கேட்டார். வாதாடிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. விருந்தினரிடம் கூடுதலாகப் பிடுங்குவது எந்த ஊரிலும் கேவலம்தான்.

அருங்காட்சியகம் நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறது. வாசலில் ஒல்லாந்தர் காலத்து பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும். உள்ளே கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைகள். எனக்கு வேண்டியிருந்ததோ கடலோடிகளின் கதை. மலாக்காவில் சீனக் கடற்தளபதி செங் ஹோவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் இலங்கையின் காலி நகரில் நாட்டிய கல்வெட்டில் சீனமும் பாரசீகமும் தமிழும் உண்டு. இந்தக் கரையில் தமிழ்க் கடலோடிகளுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று அங்கே நின்றிருந்த ஒருவரிடம் கேட்டேன். “கப்பல் கதை எண்டால் வல்வெட்டித்துறைக்குப் போங்கோ” என்றார்.

பஸ் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. வழியில் அசைபோட்டது நயினாதீவுக் கல்வெட்டை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த ஆணை அது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, மீதி கப்பல் உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன் ஒருவன் இந்தத் துறைகளுக்குத் தமிழில் சட்டம் எழுதினான் என்றால், இங்கே எத்தனை பாய்கள் விரிந்திருக்க வேண்டும்!

வல்வெட்டித்துறையில் கடலை ஒட்டிய தெருக்கள் பளிச்சென்று இருந்தன. வாசல்களில் விளக்குமாற்றுக் கோடு கூட அழியவில்லை. மணலில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்கள் மட்டும் கண்ணை உறுத்தின. வைத்தீஸ்வரன் கோவிலைப் பார்த்தேன். ‘பெரியவர்’ என்று ஊரார் சொல்லும் கப்பல் உடைமையாளர் திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. கப்பல் சம்பாதித்த காசு கருங்கல்லாகி நிற்கிறது.

கோவில் வீதியில் ஒரு முதியவர் என்னை நிறுத்தினார். “என்ன தம்பி, ஆற்றை வீட்டைத் தேடுறியள்?” அன்னபூரணிக் கப்பலின் கதையைத் தேடி வந்தேன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உள்ள வாங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்.”

அந்தச் சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். குழல் புட்டு, முரல் மீன் சொதி, சுறா வறை. வறையில் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் பதமாய்ச் சேர்ந்திருந்தன. அவருடைய மனைவி என் இலையைக் காலியாக விடவேயில்லை. “வெளிநாட்டில இருந்து வந்த பிள்ளை, வெக்கப்படாமச் சாப்பிடு மோனை” என்றார். காசு என்ற பேச்சை எடுக்கவே எனக்குக் கூசியது. காலையில் வந்த கசப்பெல்லாம் அந்தச் சொதியில் கரைந்துபோனது.

கை கழுவியதும் முதியவர் பெட்டியைத் திறந்து ஒரு பழைய உளியை எடுத்தார். முனை மழுங்கிப் பட்டையாக இருந்தது. கலப்பத்து உளி. இரண்டு பலகைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து, இந்த உளியால் அடித்து இறுக்கி, எண்ணெயும் குங்கிலியமும் பூசுவார்கள். “அடி பிழைச்சால் கடல் உள்ள வரும்” என்றபடி மேசைப் பலகையின் இடுக்கில் உளியை வைத்துக் காட்டினார். பிடியில் பல கைகள் தேய்த்த வழவழப்பு.

அப்படிக் கலப்பத்து அடித்துக் கடலில் இறங்கியவள்தான் அன்னபூரணி அம்மாள். சுந்தர மேஸ்திரியார் குடும்பத்தார் 1930இல் இந்த ஊரில் வேப்பமரத்தில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இந்தக் கப்பலில் மனதைப் பறிகொடுத்து வாங்கினார். தன் மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கினார். ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறைக்காரர்கள். தண்டையல், அதாவது கப்பல் தலைவர், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள்.

நம் மேடைகளில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை பற்றிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் இல்லை. அது ஆயிரம் வருஷத்துப் பெருமை. இதுவோ நம் தாத்தாக்கள் காலத்தில் நடந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அந்தத் தண்டையலின் பெயர் தெரியும்? வாங்கியவரின் மனைவி பெயர் கப்பலின் முகப்பில் ஏறிவிட்டது. கட்டியவர்களின் பெயரையும் ஓட்டியவர்களின் பெயரையும் நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த அருங்காட்சியகம் அந்த முதியவரின் பெட்டிதான். அது போதாது. இந்தக் கடற்கரையில் ஒரு நல்ல மண்டபம் வேண்டும். ஏராக்கட்டை என்னும் அடிமரத்தை வைப்பதிலிருந்து பாய் கட்டுவது வரை பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி ஒரு முழு மாதிரிக் கப்பல், இதுபோல் வீடுகளில் கிடக்கும் உளிகள், சுவர் நிறைய மாலுமிகளின் பெயர்கள். உலகெங்கும் வல்வெட்டித்துறைக்காரர்கள் இருக்கிறார்கள், மனம் வைத்தால் நடக்கும். கலப்பத்து அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

யாழ்ப்பாணம் வரும் நம்மவர்கள் நல்லூரையும் நயினாதீவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வல்வெட்டித்துறைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அன்னபூரணி என்று சொல்லிக் கேளுங்கள். சாப்பிடாமல் உங்களை விடமாட்டார்கள்.

(தொடரும்)