ஹைப்பர் த்ரெடிங்: ஒரு காசாளர், இரண்டு வரிசை

மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போனால், "நாலு கோர், எட்டு த்ரெட்" என்று விற்பனையாளர் ஆரம்பிப்பார். கேட்பவர் மனதில் எட்டு மட்டும்தான் நிற்கும். எட்டு த்ரெட் இருந்தால் எட்டு கோரின் வேலை நடக்குமா? நடக்காது!

வங்கிக் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். காசாளர் ஒருவர். முன்னால் நிற்பவர் செலானில் கையெழுத்துப் போட மறந்துவிட்டுப் பேனா தேடுகிறார். அதுவரை காசாளர் சும்மா இருக்க வேண்டியதுதான். பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தால் அந்த இடைவெளியில் அடுத்தவரைக் கவனிக்கலாம். ஹைப்பர் த்ரெடிங்கும் இதேதான். நினைவகத்திலிருந்து தகவல் வரும்வரை கோரின் சில பகுதிகள் வேலையில்லாமல் கிடக்கும். அவற்றை இரண்டாவது த்ரெட் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸுக்கு ஒரு கோர் இரண்டாகத் தெரியும். ஆனால் காசாளர் ஒருவர்தான். இரண்டு வரிசையிலும் கட்டுக்கட்டாகப் பணத்தோடு ஆள் வந்தால் லாபம் ஒன்றுமில்லை.

2002-ல் இன்டெல் இதைப் பென்டியம் 4-க்குக் கொண்டுவந்தபோது, அந்த நிறுவனமே சொன்ன கணக்கு அதிகபட்சம் 30 சதவீத வேகம்தான். சிப்பில் இதற்குப் பிடித்த கூடுதல் இடமோ சுமார் 5 சதவீதம். முதலுக்கு நல்ல வரவு! ஆனாலும் 2006-ல் வந்த கோர் 2 வரிசையில் இது இல்லை. 2008-ல் கோர் ஐ7-உடன் திரும்பி வந்தது.

சாதாரணப் பயனாளருக்கு இது நிஜமாகவே கைகொடுத்தது இரண்டு கோர் மடிக்கணினிகளில். உதாரணம், 2016-ல் வந்த ஐ5-7200யு: இரண்டு கோர், நாலு த்ரெட். ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் பிரவுசர் திணறாமல் இருக்க அது உதவியது. அடுத்த ஆண்டே ஐ5-8250யு நாலு கோரோடு வந்துவிட்டது. வேர்டு, எக்செல், இணையம், சினிமா என்று இருப்பவருக்கு அந்த நாலு கோரே பெரும்பாலும் முழுதாக வேலை செய்வதில்லை. வீடியோ மாற்றுவது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது போன்றவற்றில்தான் கூடுதல் த்ரெட்டின் பலன் கண்ணுக்குத் தெரியும்.

செலவுப் பக்கமும் உண்டு. ஒரே கோரை இருவர் பங்கிடும்போது ஒருவர் ரகசியம் மற்றவருக்குக் கசியலாம். இந்தப் பயத்தில் ஓபன்பிஎஸ்டி 2018-லும், குரோம் ஓஎஸ் 2019-லும் இதை அணைத்து வைத்தன. 2024-ல் இன்டெல்லே, மெல்லிய மடிக்கணினிகளுக்கான லூனார் லேக் சிப்புகளில் மின்சிக்கனத்துக்காக இதை நீக்கிவிட்டது. ஆப்பிளின் எம்1 இது இல்லாமலேயே வேகமாக ஓடியது.

ஆக, ஹைப்பர் த்ரெடிங் ஏமாற்று அல்ல, ஒரு சின்ன போனஸ். போனஸை நம்பிக் கடன் வாங்கக்கூடாது அல்லவா? த்ரெட் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், நினைவகம் போதுமா, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். அன்றாட வேகம் அங்கேதான் இருக்கிறது.