லிட்டரும் கிலோவும்

ஜூன் 7, சனி

என் ஹிமாலயன் மோட்டார் சைக்கிளுக்கு சைடு பாக்ஸ் மாட்டுவது என்று இன்று முடிவாகிவிட்டது. செப்டம்பரில் நானும் மனைவியும் கோவையிலிருந்து ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை ஓட்டிப் போகிறோம். இதுவரை எல்லாப் பயணத்துக்கும் துணிப்பைதான். துணிப்பையைக் குறை சொல்ல மாட்டேன். எடை குறைவு. வண்டி சாய்ந்தால் காலை நசுக்காது. கிழிந்தால் செருப்புத் தைப்பவர்கூடத் தைத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் பல நாள் பயணத்தில் தினமும் பெல்ட்டை அவிழ்த்துக் கட்டுவதும், தூறல் விழுந்ததும் மழையுறையைத் தேடுவதும், ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் வண்டிக்குக் காவல் நிற்பதும் ஆளைச் சோர்வடையச் செய்யும். ஆழியாறு பக்கம் குரங்குகள் பையைப் பிரித்துத் தின்பண்டத்தை எடுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்குப் பூட்டுள்ள பெட்டியின் அருமை புரியும்.

பெட்டியில் உள்ள ஆபத்தையும் தெரிந்துகொண்டுதான் இறங்குகிறேன். 2004இல் நடிகர்கள் யுவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க் வரை பி.எம்.டபிள்யூ வண்டிகளில் போனார்கள். முழுக்க ஏற்றிய அலுமினியப் பெட்டிகள். மங்கோலியாவின் கரடுமுரடான தடங்களில் அந்தக் குழுவின் வண்டிகளில் பின்சட்டம் முறிந்து, கிடைத்த இடத்தில் வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய வண்டிக்கே அந்த நிலை என்றால், 411 சிசி வண்டிக்கு இன்னும் கவனம் தேவை.

ஜூன் 8, ஞாயிறு

கடைகளைச் சுற்றினோம். எங்கே போனாலும் முதலில் லிட்டரைத்தான் சொல்கிறார்கள். இது 26 லிட்டர், அது 37 லிட்டர், மேலே டாப் பாக்ஸ் வைத்தால் இன்னொரு 45. எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டால் “ரெண்டு பேர் ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க” என்கிறார்கள். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, சரி. வண்டிக்கு?

வீட்டுக்கு வந்து வண்டியின் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். அதில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து வண்டியின் எடை 199 கிலோவைக் கழித்தேன். பிறகு என் எடை, மனைவியின் எடை, இரண்டு ஹெல்மெட், கவசம் வைத்த ஜாக்கெட்டுகள், பூட்ஸ். மிச்சம் இருப்பதுதான் சாமானுக்கு. அதிலும் ஒரு பங்கை இரும்பு தின்றுவிடும்: ரேக் 6 கிலோ, வெற்றுப் பெட்டி ஒவ்வொன்றும் 5 கிலோ. ஒரு சட்டைகூட வைக்காமலே 16 கிலோ போயிற்று.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்றும் பேச்சு வந்தது. இத்தாலியின் கிவி நிறுவனத்தை 1978இல் தொடங்கிய ஜுசெப்பே விசென்சி ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். அப்படிப்பட்ட நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகள் தார்ச்சாலைக்கு அருமையானவை; இலேசு, சாவி போட்டால் கழன்று வரும். ஆனால் பிளாஸ்டிக் உடைந்தால் உடைந்ததுதான். அலுமினியம் நசுங்கினால் ஒரு மரச்சுத்தியலும் கட்டையும் இருந்தால் வழியிலேயே தட்டி நிமிர்த்தலாம். ஸ்பிட்டிக்கு அலுமினியம் என்று முடிவு செய்தோம். டாப் பாக்ஸ் வேண்டாம். பின் அச்சுக்கும் பின்னால், அதுவும் உயரத்தில், எடை போய் உட்கார்வது இந்த வண்டிக்கு நல்லதில்லை.

ஜூன் 14, சனி

கணபதி பகுதியில் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். பட்டறைக்கார அண்ணன் நாற்பது வருஷமாக வெல்டிங் பிடிப்பவர். பெட்டியைக் காட்டியதும் அதைத் தொடவே இல்லை. பழைய டிவி அட்டைப்பெட்டியை வெட்டி, பெட்டியின் அளவுக்கே ஒட்டி, வண்டியின் இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டினார். பிறகு மனைவியைப் பார்த்து, “அம்மிணி, நீங்க ஏறி உக்காருங்க” என்றார்.

அவள் உட்கார்ந்து கால் வைத்ததும் குதிகால் அட்டையில் இடித்தது. இரண்டு விரல் அகலம் பின்னால் தள்ளி, சாக்பீஸால் கோடு போட்டார். அதற்கு மேல் தள்ளவும் மறுத்துவிட்டார். பெட்டி எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவுக்கு எடை இரு சக்கரங்களுக்கும் நடுவில் நிற்கும். பின்னால் போகப் போக முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி அலையும். குதிகாலுக்கு வேண்டிய இடம், அதற்கு மேல் ஓர் அங்குலமும் கிடையாது.

அடுத்தது வலப்பக்கம். இந்த வண்டியின் சைலன்சர் அந்தப் பக்கம் மேல்நோக்கி ஏறிப் போகிறது. அதனால் வலது பெட்டி இடது பெட்டியைவிட வெளியே தள்ளி நிற்க வேண்டும். வெளித்தள்ளலைக் குறைக்க வலப்பக்கத்துக்கு மெலிந்த பெட்டியையே எடுத்திருக்கிறோம். ஹிமாலயனின் அகலம் 840 மில்லிமீட்டர். பெட்டிகளோடு அளந்தால் 920. கைப்பிடி நுழைந்த சந்தில் பின்பக்கம் நுழையாது என்பதை இனி கண்ணும் மூளையும் பழக வேண்டும்.

கனமான பைப்பாகப் போடலாமா என்று கேட்டேன். அண்ணன் தலையசைத்தார். “பைப்பு கனமாப் போட்டா ஒடையாதுன்னு நெனைக்காதீங்க தம்பி. பைப்பு ஒடையாது, வண்டி ஒடையும். மொதல்ல ரேக்குதான் வளையோணும். அதை எந்த ஊர்லயும் தட்டி நிமித்திக்கலாம். வண்டிச் சட்டம் வளைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

இந்தப் பயணத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில் இதுவே மிகப் பெரிய பேச்சு.

ஜூன் 21, சனி

ரேக் பவுடர் கோட்டிங் ஆகி வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமும் மேலே கேரியர் போல்ட்டிலும் கீழே பின்னிருக்கைக் கால்மிதியின் பிராக்கெட்டிலும் பிடிக்கிறது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குப் பட்டை. கடைகளில் விற்கும் மலிவான ரேக்குகளில் விட்டுப்போவது இந்தப் பட்டைதான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு ரேக்கும் உள்ளும் வெளியுமாக ஆடி, போல்ட் துளையைத் தின்று, கடைசியில் வெல்டிங்கில் விரிசல் விடும்.

மாட்டும் வரிசையைக் கவனித்து எழுதி வைக்கிறேன். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். எல்லாத் துளையும் இழுபறி இல்லாமல் நேராக வந்த பிறகே ஸ்பேனர். ஒரு முனையை முறுக்கிவிட்டு மறுமுனையை நெம்பி உட்கார வைத்தால், அந்த இழுப்பு நிரந்தரமாகச் சட்டத்தில் தங்கிவிடும். எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், எம்6க்கு 10, டார்க் ரெஞ்சில் வைத்து முறுக்கினோம். நட் உள்ள இடத்தில் நைலாக் நட். வண்டியின் மரையிலேயே ஏறும் இடத்தில் ஒரு சொட்டு நீல லாக்டைட். முடித்த பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ரேக் வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் தளர்ந்தது என்று காலையில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஜூன் 22, ஞாயிறு

சட்டப்படி செய்ய வேண்டியவை. இடது ரேக் உட்கார சாரி கார்டைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. நல்ல விதி. துப்பட்டாவும் சேலையும் சக்கரத்தில் சிக்கிய கதைகள் நம் ஊரில் எல்லாத் தெருவிலும் உண்டு. பெட்டி மாட்டியிருக்கும்போது அதுவே மறைக்கும். கழற்றிவிட்டு ஊருக்குள் ஓட்டும்போது? அண்ணன் இடது ரேக்கின் உட்புறத்திலேயே கம்பி வலையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

பின் இண்டிகேட்டர்களைப் பெட்டி பக்கவாட்டில் மறைத்தது. இரண்டையும் குறுக்குப் பட்டையின் முனைக்கு மாற்றி, ஒயரை நீட்டினோம். சைலன்சருக்கும் வலது பெட்டிக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விட்டு ஒரு வெப்பத் தகடு. இருந்தாலும் மருந்துகளும் சார்ஜர்களும் இடப்பக்கம்தான்.

ஜூலை 5, சனி

இன்று சமையலறைத் தராசு முற்றத்துக்கு வந்துவிட்டது. இடது பெட்டியில் 8 கிலோ, வலதில் 7. இரண்டும் ஏன் சமமாக இல்லை என்று மனைவி கேட்டாள். இடது பெட்டியின் நடு, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வலது பெட்டி 34. தூக்குக்கோலில் கல்லைத் தள்ளி வைப்பதுபோல, தள்ளி இருக்கும் பெட்டிக்குக் கொஞ்சம் குறைவான எடை. எட்டு முப்பது 240, ஏழு முப்பத்துநான்கு 238. வண்டி நேராக நிற்கும்.

கனமானவை அடியில், முன்பக்கமாக, சக்கரத்தை ஒட்டி: பஞ்சர் கிட், ஸ்பேனர்கள், டியூப், செயின் லூப். துணி மேலே. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டே உள்ளே வைக்கிறோம். கோட்டிங் இல்லாத அலுமினியம் உரச உரச ஒரு கறுப்புத்தூளை விடும். வெள்ளைச் சட்டை மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

பிறகு சஸ்பென்ஷன். பின்சக்கர அச்சிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒட்டிய டேப் வரை, முதலில் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அளந்தோம். பிறகு பெட்டிகளோடு நாங்கள் இருவரும் ஏறி உட்கார, பக்கத்து வீட்டுத் தம்பி அளந்தான். 75 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பின்பக்கம் மொத்தமே 180 மில்லிமீட்டர்தான் ஆடும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இறங்கினால் சரி. சி-ஸ்பேனரால் ஸ்பிரிங்கை இறுக்கியதும் 62க்கு வந்தது. டயர் காற்றை இருவர் செல்வதற்கான அளவுக்கு ஏற்றி, செயின் தொய்வைப் பார்த்து, கடைசியாகச் சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைத் தாழ்த்தினோம். வால் தாழ்ந்தால் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்து சில நாள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பெட்டியைச் சோதிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. பல்லடத்திலிருந்து குடிமங்கலம் வழியாக உடுமலைக்குப் போனோம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் காற்று இந்தச் சாலையைப் பக்கவாட்டில் அறைகிறது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான்.

பெட்டி இல்லாத வண்டியைக் காற்று முன்புறத்தில்தான் பிடிக்கும். பெட்டியோடு பின்புறத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்திலும், எதிரே லாரி கடக்கும் நொடியிலும் தள்ளல் சட்டென்று மாறும். கைப்பிடியை இறுகப் பிடித்தால் அந்த உதறல் முழுவதும் முன்சக்கரத்துக்குப் போகிறது. முழங்காலால் டாங்க்கை அணைத்து, கையைத் தளர்த்தி, 70 கிலோமீட்டரில் ஓட்டினால் வண்டி தானே வழி பார்த்துக்கொள்கிறது.

ஆளில்லாத ஒரு நீளமான பாதையில், சோதனைக்காகவே இரண்டு பெட்டிகளின் அடியில் இருந்த 5 கிலோவை எடுத்துப் பின் கேரியரில் கட்டி ஓட்டிப் பார்த்தேன். 80ஐத் தாண்டும்போதே வால் மெல்ல இடவலமாக அசையத் தொடங்கியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறைத்ததும் அடங்கியது. அதே 5 கிலோவைத் திரும்பப் பெட்டிகளின் அடியில் வைத்தேன். அதே சாலை, அதே காற்று, அதே வேகம். அசைவே இல்லை. எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் மட்டுமே மாறியது.

ஜூலை 26, சனி

வால்பாறை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், பாதிக்கு மேல் மழை. ஏறி இறங்கப் பழக்கம் வந்துவிட்டது: மனைவி என் தோளைப் பிடித்து, இடது கால்மிதியில் ஏறி நின்று, காலைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறாள். அதுவரை நான் இரண்டு காலையும் அகல ஊன்றி முன்பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். மெதுவாக உருளும் வண்டியில் காலை நேர் கீழே ஊன்றினால், பின்னால் வரும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் வந்து மோதும். மண் தடத்தில் இப்படி மாட்டிக்கொண்டு காலை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. ஊன்றும் காலை எப்போதும் முன்னால் தள்ளி வைப்பது. முடிந்தவரை கால்மிதியிலிருந்து காலை எடுக்காமலே இருப்பது. கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் இல்லாமல் சைடு பாக்ஸ் வண்டியை யாரும் தொடக் கூடாது என்று சொல்வேன்.

அறைக்கு வந்து மூடியைத் திறந்தோம். ரப்பர் கேஸ்கெட்டைச் சுற்றி நீர் நின்றிருந்தது. உள்ளே எல்லாம் காய்ந்த துணி.

ஜூலை 28, திங்கள்

காலையில் போல்ட்டுகளைப் பார்த்தேன். எல்லா வெள்ளைக் கோடும் நேராக இருக்கின்றன. பெட்டி உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ் மட்டும் தேய்ந்திருக்கிறது. மாற்றுக்கு நான்கு வாங்கி டூல்கிட்டில் போட்டேன்.

பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லிட்டரைக் கடைசியில் கேளுங்கள். உங்கள் வண்டி எத்தனை கிலோ சுமக்கும், அந்தக் கிலோ எங்கே உட்காரும், விழுந்தால் எது முதலில் வளையும் என்று முதலில் கேளுங்கள். விற்பவர்களும் லிட்டர் எழுதிய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் கிலோவையும் எழுதி ஒட்ட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை காசு கொடுக்கும் நமக்கு உண்டு.

இரண்டு மூடிகளின் உட்புறத்திலும் பெயின்டில் எழுதிவிட்டேன்: இடது 8, வலது 7. ஸ்பிட்டிக்கு இன்னும் ஒரு பொருள் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் ஒன்று வீட்டில் தங்கும்.