'பம்ப் போச்சு' என்றார்கள்... அடைப்பு இருந்தது ஹோஸில்!

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருந்த டிராக்டர் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. என்ன செய்வது?' என்று கேட்டிருந்தார். டீசல் ஃபில்டரை மாற்றச் சொல்லி பதில் வந்திருந்தது. சரியான பதில்தான். ஆனால், நானும் ஃபில்டரை மாற்றியவன். மாற்றிய பிறகும் வண்டி நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது டிராக்டர் இல்லை, 407 மினி லாரி. அப்பா வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிப்போகும். எங்கள் காய் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் காயும் அதில்தான் போகும். 2020 ஊரடங்கில் வண்டி நின்றது. அந்த வருடக் கடைசியில் அப்பா தவறிவிட்டார். பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை. மூன்று வருடம் புளியமரத்தடியில், டேங்கில் கால்வாசி டீசலோடு அப்படியே நின்றது.

போன வருடம் முருங்கை நன்றாகக் காய்த்தது. வாடகை வண்டிக்குக் கொடுத்தே கட்டுப்படியாகவில்லை. சரி, வண்டியை எடுப்போம் என்று புது பேட்டரி போட்டேன். ஆயில் மாற்றினேன், டீசல் ஃபில்டர் மாற்றினேன். நாலாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. எட்டு நிமிடம் ஓடியது. அப்புறம் சத்தம் ஏறி இறங்கி, இருமி, நின்றுவிட்டது. அரை மணி நேரம் விட்டு அடித்தால் மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது.

பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்து பார்த்தவர், போனட்டைத் திறந்த கையோடு "பம்ப் போச்சு" என்றார். கழற்றிச் சரிபண்ண 35,000 ரூபாய் ஆகும் என்றார். பழைய இரும்புக்காரர் வண்டியை மொத்தமாக 80,000-க்குக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா மட்டும், "எதுக்கும் உங்க பெரியப்பாவை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு கண்ணு" என்றார். பெரியப்பா என்றால் சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவோடு சேர்ந்து லாரி ஓட்டியவர், ரோட்டிலேயே மெக்கானிக் வேலை கற்றவர். இப்போது மாடு மேய்க்கிறார்.

வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "பம்ப்பைக் கடைசியாப் பாக்கலாம் தம்பி. டீசல் எங்க இருந்து கிளம்புது? டேங்க்ல இருந்து. அப்ப நாமளும் அங்க இருந்து கிளம்புவோம்" என்றார்.

முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டச் சொன்னார். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போகவேண்டும். மூடியில் உள்ள காற்றுத் துளையைப் புழுதியோ பூச்சிக்கூடோ அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. செலவே இல்லாத சோதனை. எங்கள் வண்டி மூடியைத் திறந்தும் நின்றது.

நின்றதும் செல்ஃப் அடிக்கச் சொல்லி சைலன்சரைப் பார்த்தார். புகையே வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போகவே இல்லை.

அடுத்து ஃபீட் பம்ப்பில் இருக்கும் கைப்பம்ப்பை என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுக்கக் கடினமாக இருந்தது. விட்டால் குமிழ் தானாக உள்ளே போனது. "பாத்தியா, டேங்க் பக்கம் யாரோ இழுத்துப் புடிக்கிறாங்க" என்றார். அடைப்பு ஃபீட் பம்ப்புக்கு முன்னால் என்பதற்கு இது அடையாளம். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால், எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்று தேடவேண்டும்.

பிறகுதான் முக்கியமான சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான புது டீசல். இரண்டு மீட்டர், டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸ். டேங்க்கில் இருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, கேனில் இருந்து நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தோம். ஹோஸில் டீசலை வரவழைக்க நான் வாயில் வைத்து உறிஞ்சப் போனேன். கையிலேயே ஒரு அடி விழுந்தது. டீசல் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆளையே கொன்றுவிடும். கேனை உயரத்தில் வைத்து, கைப்பம்ப்பை அடித்தாலே வந்துவிடுகிறது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை அடித்துக் காற்றை எடுத்தோம். அடுத்து பம்ப் ஸ்க்ரூவிலும் அதேபோல். அதற்குப் பிறகு செல்ஃப்.

முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. சமையல்கட்டில் இருந்த அம்மா வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

35,000 ரூபாய் பம்ப் நன்றாக இருக்கிறது. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்.

டேங்கின் அடி பிளக்கைத் திறந்து, முதலில் வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வைத்தோம். காலையில் அடியில் தண்ணீர், மேலே டீசல், நடுவில் கறுப்பாக மூக்குச்சளி மாதிரி ஒன்று. கால்வாசி டேங்கில் மிச்ச முக்கால்வாசி காற்று அல்லவா? ராத்திரிக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து இறங்குகிறது. டீசலைவிட தண்ணீர் கனம், அடியில் தங்கிவிடும். இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். அந்தச் சளிதான் டேங்குக்குள் இருக்கும் வலையில் போய் அப்பியிருக்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நின்று, சளி வலையைவிட்டு விழும். அதனால்தான் அரை மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது.

டேங்க்கை இறக்கி, டீசல் விட்டு மூன்று முறை குலுக்கிக் கழுவினோம். வலை, ஃபீட் பம்ப் வாயில் உள்ள சின்னச் சல்லடை, புது ஃபில்டர், புது செப்பு வாஷர்கள். பழைய வாஷரையே போட்டால் காற்று இழுக்கும். லைனுக்கு பெரியப்பா, "ரப்பர் ஹோஸையும் மாத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே பார்க்க வெடிப்பே இல்லை. கம்ப்ரசர் வைத்து ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. நல்ல ஹோஸை எதற்கு மாற்றுவது என்று விட்டுவிட்டேன். 300 ரூபாய் மிச்சம்!

இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் முடித்து, இரண்டு நடை மார்க்கெட் போய் வந்தேன். மூன்றாவது நடை. முருங்கை முழு லோடு, எங்களுடையதோடு மூன்று வீட்டுக் காய். மேடு ஏறும்போது வண்டி திணறி நின்றது. அதே இருமல், அதே சாவு. அடுத்தவர் காயும் மேலே இருக்கிறது என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஹோஸை மாத்துனியா?"

"வெளிய நல்லாத்தானுங்க இருந்துச்சு... ஊதிக்கூடப் பாத்தனுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சீட்டுக்கடியில அந்தக் கண்ணாடி ஹோஸ் கிடக்குதா? ரெண்டு கிளிப்பைக் கழட்டி அதை மாட்டு" என்றார்.

மாட்டினேன், கைப்பம்ப் அடித்துக் காற்றை எடுத்தேன், வண்டி மேடு ஏறியது. மார்க்கெட் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருந்தது. கேட்ட விலைக்குத்தான் போட முடிந்தது. மற்ற மூன்று வீட்டுக்கும் குறைந்த காசை என் கையிலிருந்து கொடுத்தேன். 300 ரூபாய் மிச்சம் பிடித்தது அப்படிப் போனது.

வீட்டுக்கு வந்து பழைய ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தோம். உள்தோல் ஒரு இடத்தில் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. நான் ஊதியது ஃபீட் பம்ப் பக்கமிருந்து டேங்க் பக்கம். நாக்கு படுத்துக்கொண்டு வழிவிடும். எஞ்சின் உறிஞ்சுவது எதிர்ப்பக்கம். நாக்கு எழுந்து மூடும். சும்மா நின்று ஓடும்போது கொஞ்சம் டீசல் போதும், நாக்கு அசையவில்லை. லோடோடு மேடு ஏறும்போது அதிக டீசலை இழுக்கிறது, சட்டென்று மூடிக்கொள்கிறது. கம்ப்ரசரால் ஊதிப் பார்த்துவிட்டு 'லைன் சுத்தம்' என்று சொல்கிறவர்களை இப்போது நான் நம்புவதில்லை. கேள்வி கேட்ட வாசகருக்கும் அதையே சொல்வேன்: முதலில் கேன் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதில் ஓடினால் பம்ப்பைத் தொடாதீர்கள், வருடக்கணக்கில் நின்ற ரப்பரைப் பார்க்காமலே மாற்றுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், அல்லது முழுக்க வடித்துவிடுங்கள். கால்வாசி வேண்டாம். டேங்கில் ஓட்டை இருந்தால், நாமே வெல்டிங் வைக்கிற வேலையும் வேண்டாம்; காலி டேங்கில் ஆவி இருக்கும், வெடிக்கும்.

வடித்த பழைய டீசலைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ ஊற்றவில்லை. கேனில் தெளியவைத்து, மேலாக எடுத்து, துருப்பிடித்த நட்டு போல்ட்டுகளை ஊறப்போட வைத்திருக்கிறேன். கலப்பைக் கொழு கழற்ற நன்றாகவே உதவுகிறது.