அன்னியர் உள்ளே வரக்கூடாது

சென்னைப் புறநகரில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது, பாதி கட்டி நின்ற ஒரு வீட்டிலிருந்து போர் மோட்டாரை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கூட்டத்தில் கேமரா வேண்டும், வாட்ச்மேன் வேண்டும் என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் கணக்குச் சொன்னதும் சத்தம் அடங்கிவிட்டது. மிஞ்சியது போர்டுதான்.

“தனியார் சாலை. அன்னியர் உள்ளே வரக்கூடாது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.” வாசகம் என்னுடையது. தகரத்தில் மஞ்சள் எனாமல் அடித்து, சிவப்பில் எழுதச் சொல்லி, இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்து நகர் முனையில் நட்டோம்.

அந்த வாசகத்தை எழுதும்போது என் மனதில் மோட்டார் திருடன் மட்டும் இல்லை. எங்கள் மனைப்பிரிவுக்குப் பின்னால் ஒரு பழைய ஊர் இருக்கிறது. அந்த ஜனங்கள் பஸ் ஸ்டாப்புக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். சாயங்காலம் பையன்கள் பூங்கா இடத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து என் வீட்டு மாடித் தொட்டிச் செடியை ஒடித்ததும் உண்டு. இவர்களை நிறுத்த எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. மோட்டார் அதைக் கொடுத்தது. கூட்டத்தில் நான் இதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான் என்பது என் ஊகம்.

போர்டுக்கு முதலில் பயந்தது கீரைக்காரம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு, “உள்ள வரலாமா சார், என்னமோ எழுதிப் போட்டிருக்கீங்களாமே?” என்று முனையிலேயே நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் சுற்றுகிறவர்கள் வழக்கம்போலச் சுற்றினார்கள். கொஞ்ச நாளில் போர்டின் மேல் டியூஷன் நோட்டீஸ் ஒன்றும், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி ஒன்றும் ஏறிவிட்டன.

அப்புறம் பின்னால் இருந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சண்டைக்கு வரவில்லை. “தனியார் சாலைன்னு போட்டிருக்கீங்களே தம்பி, பட்டா யார் பேர்ல இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

பீரோவிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வீடு வாங்கும்போது பேங்க் லோனுக்காக ஜெராக்ஸ் எடுத்ததோடு சரி, படித்ததில்லை. சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டவை என்று அதிலேயே குறிப்பு இருந்தது. தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைப்பதே இந்த அடிப்படையில்தான். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு என்று கொடுத்தாக வேண்டும். ஆக, அந்தத் தெரு எனக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு அந்தப் பெரியவருக்கும் சொந்தம். கிரிக்கெட் பையன்களுக்கு அந்தப் பூங்காவும் அப்படியே.

சட்டமும் நான் நினைத்த மாதிரி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு அத்துமீறலைப் பற்றியது. மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குள் புகுந்தால் சிறை ஓராண்டு வரை. ஆனால் சும்மா காலை வைத்தாலே குற்றம் ஆகிவிடாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நுழைந்திருக்க வேண்டும்; அல்லது அந்த எண்ணத்தோடு வெளியேறாமல் இருக்க வேண்டும். அதுவும் இன்னொருவர் அனுபோகத்தில் உள்ள இடமாக இருக்க வேண்டும். பொதுத் தெருவில் நடந்து போகிறவர் மேல் இது எங்கே பாயும்?

போர்டைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொன்னபோது இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தத் தகரத்தை வீணாக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் காலி மனையில், கம்பி வேலிக்கு உள்ளே, வேறு வாசகம் எழுதி நட்டோம்: சர்வே எண், “இந்த இடம் விற்பனைக்கு அல்ல”, “அத்துமீறி நுழையாதீர்”, ஒரு போன் நம்பர். அங்கே போர்டுக்கு வேலை இருக்கிறது. வேலியும் எழுத்தும் இருக்கும்போது, தெரியாமல் வந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வது கடினம். போலிப் பத்திரத்தோடு வருகிற ஆளும் ஒரு தடவை யோசிப்பான். நம்பர் மட்டும் என்னுடையதாகப் போய்விட்டது. விற்பனைக்கு அல்ல என்று கொட்டை எழுத்தில் போட்டும், “என்ன ரேட் சார்?” என்று புரோக்கர்கள் இன்றும் கூப்பிடுகிறார்கள்.

திருட்டு பயத்துக்கு நாங்கள் செய்தது வேறு. எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்தோம். வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவது என்று முடிவானது. பூட்டிய வீடு என்று தெரிந்தால் ரோந்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் சங்கத்துக்குக் காசு செலவில்லை.

உங்கள் நகரில் யாராவது போர்டு வைக்கக் கிளம்பினால், பெயிண்டரிடம் போவதற்கு முன் மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். உங்கள் காம்பவுண்டுக்கு உள்ளே என்றால் தாராளமாக வையுங்கள். தெருமுனையில் வேண்டாம்.